தண்ணீர் ஊற்றினால் போதுமா? – சூடேறும் பழைய வண்டி சொல்லும் வரலாறு



தெலுக் இந்தான் வட்டாரத்தில் பழைய பிக்கப் வண்டிகளுக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பிறகு அதே வண்டியில் செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் தந்தையர் பலரை நாம் அறிவோம். அவ்வண்டிகளின் இருக்கைக்குப் பின்னால் தண்ணீர்ப் போத்தல் ஒன்று தவறாமல் இருக்கும். இயந்திரம் சூடேறினால் ஊற்றுவதற்காகவாம்!

இப்பழக்கம் எங்கிருந்து வந்தது? இன்றைய வண்டிக்கு இது பொருந்துமா? இவ்வினாக்களுக்கு விடை தெரியாமையால் ஏற்படும் இழப்பு சிறியதன்று. தண்ணீரை ஊற்றி ஊற்றியே ஓட்டிய வண்டியில் ஒருநாள் சிலிண்டர் தலைப்பகுதி வளைந்துவிடும், கேஸ்கெட் கருகிவிடும். ஒரு குடும்பத்தின் பல மாத வருவாய் பட்டறைக்குப் போய்விடும்.

முதலில் நம் ஊரையே பார்ப்போம். தெலுக் ஆன்சன் என்று இவ்வூர் அழைக்கப்பட்ட காலத்தில், 1893ஆம் ஆண்டில், தாப்பா ரோட்டிலிருந்து இங்கு இரயில் பாதை வந்தது. அதில் ஓடியவை நீராவி இயந்திரங்கள். நீராவி இயந்திரத்திற்கு நீரே உணவு. ஓட ஓட நீர் தீரும், தீரத் தீர நிரப்ப வேண்டும். எரிநெய்யில் ஓடிய முதல் மோட்டார் வண்டியும் ஏறத்தாழ அவ்வாறே இருந்தது. 1886இல் ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. இயந்திரத்தைச் சூழ்ந்திருந்த நீர் ஆவியாகி வெப்பத்தைக் கொண்டு சென்றது. 1888 ஆகஸ்டில் அவருடைய துணைவியார் பெர்த்தா பென்ஸ், தம் மகன்கள் இருவருடன் மான்ஹெய்ம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹெய்ம் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை அவ்வகை வண்டியில் கடந்தார். வழியெங்கும் நீர் தேடி நிரப்ப வேண்டியிருந்தது. அங்கே தண்ணீர் ஊற்றுவது பழுதுபார்ப்பு அன்று; அந்த வண்டியின் இயல்பே அதுதான்.

இந்நிலையை மாற்றியவர் வில்ஹெல்ம் மேபாக். 1901இல் வெளிவந்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் வண்டிக்கு அவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அதில் 8,000க்கும் மேற்பட்ட சிறு குழாய்கள். அவற்றினூடே காற்று புகுந்து செல்லும், சுற்றிலும் நீர் ஓடும். பின்னால் ஒரு விசிறி. ஏறத்தாழ 9 லிட்டர் நீரே போதுமானதாயிற்று. நீர் ஆவியாகித் தீராமல் சுற்றிச் சுற்றி வந்தது. ஆகவே நீர் குறைந்தால் 'எங்கே போயிற்று?' என்று கேட்க வேண்டிய காலம் அன்றே பிறந்துவிட்டது. நாமோ இன்னும் பெர்த்தா அம்மையார் காலத்துப் பழக்கத்திலேயே நிற்கிறோம்!

அடுத்து, அந்நீரைச் சுற்றச் செய்வது எப்படி என்ற சிக்கல் எழுந்தது. நம் ஊரின் சாய்ந்த கோபுரத்தை மாணவர்களுக்கு நினைவூட்டுங்கள். 1885இல் லியோங் சூன் சோங் என்பவர் கட்டிய அக்கோபுரம் மணிக்கூண்டு மட்டுமன்று, நீர்த்தொட்டியும் ஆகும். உயரத்தில் வைத்த நீர் தன் எடையாலேயே கீழிறங்கும், பம்பு தேவையில்லை. ஃபோர்டு நிறுவனத்தின் 'டி' மாடல் வண்டியும் (1908–1927) இதைப்போன்று எடை வேறுபாட்டையே நம்பியது. சூடான நீர் இலேசாகி மேலேறும். குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்கும். தொடக்கத்தில் செய்த சுமார் 2,500 வண்டிகளுக்குப் பிறகு அதன் பம்பு நீக்கப்பட்டது. செலவு குறைந்தது, ஆனால் மேட்டில் பாரத்தோடு ஏறும்போது நீர் கொதித்தது. அடுத்து வந்த 'ஏ' மாடலில் பம்பு மீண்டும் இடம்பெற்றது.

பிறகு வந்தது தெர்மோஸ்டாட். இயந்திரம் அளவான சூட்டை அடையும் வரை நீரைத் தடுத்து, ஏறத்தாழ 82 பாகை செல்சியசில் திறந்துவிடும் சிறு கதவு அது. அதற்கும் பின் பரவலானது அழுத்த மூடி. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும். மூடி, ஒரு வளிமண்டல அளவு அழுத்தத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 120 பாகை வரை கொதிக்காது. அழுத்தச் சமையற்கலத்தின் அதே தத்துவம்தான்.

என் மாணவன் ஒருவனின் தந்தை, இரண்டு முறை ரேடியேட்டரை மாற்றியும் சூடு தணியாமல், இயந்திரத்தையே மாற்றும்படி ஒரு பட்டறையில் அறிவுறுத்தப்பட்டார். வேறொரு போமன் பார்த்தபோது, பழைய மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது தெரிந்தது. இருபது ரிங்கிட்டுக்கும் குறைவான மூடியால் வேலை முடிந்தது.

இவ்வரலாற்றைக் கவனியுங்கள். ஒவ்வோர் உறுப்பும் ஒரு குறையைத் தீர்க்க வந்தது. ஓர் உறுப்பு பழுதானால், அது தீர்த்த பழைய குறை திரும்பி வருகிறது. எனவே "வண்டி சூடேறுகிறது" என்று மட்டும் சொல்லாமல் "எப்போது சூடேறுகிறது?" என்று கேட்க வேண்டும்.

சந்தை நெரிசலில் நிற்கும்போது சூடேறி, வேகமாக ஓடினால் தணிகிறதா? விசிறியையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள். ஊருக்குள் நலமாக ஓடி, பாரத்தோடு நெடுஞ்சாலையில் சூடேறுகிறதா? ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைத்திருக்கலாம். வெளியே தூசியும் சேறும் படிந்திருக்கலாம். இயந்திரம் கொதிக்கும்போதும் ரேடியேட்டர் சூடாகாமல் இருக்கிறதா? தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது பம்பு நீரைத் தள்ளவில்லை. ஒழுக்கு எதுவும் தென்படாமல் நீர் குறைந்துகொண்டே போய், ரேடியேட்டரில் குமிழிகள் எழுந்து, எண்ணெய் பால்போல் வெளுக்கிறதா? கேஸ்கெட் போய்விட்டது, மேலும் ஓட்டக்கூடாது.

சூடுகாட்டும் முள்ளையும் முழுமையாக நம்பிவிடாதீர்கள். நீர்மட்டம் உணரிக்குக் கீழே இறங்கிவிட்டால், இயந்திரம் வெந்துகொண்டிருக்கும்போதே முள் தாழ்ந்து நிற்கலாம். அவசரத்திற்குத் தோட்டத்து வாய்க்கால் நீரை ஊற்றுவதும் தீங்கு. நம் பகுதியின் கரிமண் நிலத்தில் தேநீர் நிறத்தில் ஓடும் நீர் அமிலத்தன்மை கொண்டது, உலோகத்தை அரிக்கும். துருத்தடுப்பு கலந்த குளிர்நீர்மமே உரியது.

பெற்றோர்களே, ஒன்றை மறவாதீர்கள். சூடான வண்டியின் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் நீங்கியதும் நீர் அக்கணமே கொதித்துப் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். இயந்திரத்தை நிறுத்தி, பிள்ளைகளை விலகி நிற்கச் செய்து, நன்றாக ஆறும் வரை காத்திருங்கள். கொதிக்கும் இயந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கவும் கூடும்.

கோவையின் ஜி. டி. நாயுடு அவர்களை நாம் பாடத்தில் போற்றுகிறோம். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தோடு தொழில் தொடங்கியவர் அவர். அதற்கு முன்பே, உணவகத்தில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துக் கற்றார். ஒவ்வோர் உறுப்பும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டதே அவருடைய பள்ளி.

தோட்டத்திலிருந்து வந்த நம் பிள்ளைகளில் பலர் ஓட்டுநராகவும் போமனாகவும் ஆகின்றனர். அது தாழ்ந்த வேலையன்று. பார்த்துப் பழகுவதோடு நின்றுவிடாமல், காரணம் அறிந்து செய்பவர்களாக அவர்கள் வளர வேண்டும். ஆசிரியப் பெருமக்களே, அறிவியல் பாடத்தில் வெப்பம் பற்றிக் கற்பிக்கும் நாளில், பள்ளி வளாகத்தில் நிற்கும் ஆறிய வண்டி ஒன்றின் முன்மூடியைத் திறந்து காட்டுங்கள். மேற்குழாய் எங்கே, கீழ்க்குழாய் எங்கே, நீர் எவ்வழி செல்கிறது என்று மாணவர்களே விரலால் தொட்டுச் சொல்லட்டும். வீட்டில் அப்பாவின் வண்டியில் நீர் குறையும்போது, "ஏன் குறைந்தது, அப்பா?" என்று அந்தப் பிள்ளையே கேட்கும்.