மணவாளக்குறிச்சியின் மோனசைட் மணல்

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் பல தாதுக்கள் மணலாகவே கிடைக்கின்றன. கருமணல் என்று மக்கள் சொல்வதில் பெரும்பகுதி இல்மனைட். அதில் இரும்பும் டைட்டானியமும் ஆக்சிசனுடன் சேர்ந்துள்ளன. சிர்க்கோனியத்தின் தாதுவான சிர்கானும் சிவந்த கார்னெட்டும் உடன் இருக்கின்றன. மஞ்சள் கலந்த பழுப்பு மணிகளே மோனசைட். சீரியம், லாந்தனம், நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்களும் தோரியமும் அடங்கிய பாஸ்பேட் தாது இது. மலைப்பாறைகள் சிதைந்து ஆறுகள் வழியே கடலுக்கு வந்தவற்றில் எடை குறைந்த மணலை அலை இழுத்துச் செல்ல, கனமானவை கரையில் தங்கிவிடுகின்றன.

தோரியத்தை சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் 1829இல் அறிவித்தார். நெடுங்காலம் அதனால் பெரிய பயன் ஏதும் இல்லை. ஆஸ்திரியரான கார்ல் அவுவர், 99 பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்த்தால் எரிவாயு விளக்கின் மேண்டில் வெள்ளொளி தரும் என்று 1891இல் காட்டியபின் நிலைமை மாறியது. நம் ஊர்த் திருவிழாக்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலும் இவ்வகையே.

அப்போது மோனசைட்டுக்கு உலகம் பிரேசிலையே பெரிதும் நம்பியிருந்தது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். பிரேசில் மணலைவிட இதில் தோரியம் அதிகம். சில ஆண்டுகளிலேயே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் பிடி தளர, தொழில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மின்விளக்கு பரவியதும் மேண்டிலுக்கான தேவை சரிந்தது. முன்பு ஒதுக்கித் தள்ளிய இல்மனைட்தான், வெள்ளை வண்ணப்பூச்சுக்குத் தேவைப்பட்டதால், 1920களில் தொழிலைக் காப்பாற்றியது.

அணுக்காலம் பிறந்ததும் மோனசைட்டின் மதிப்பு மீண்டும் ஏறியது. தோரியத்தை அணு உலையில் வைத்து யுரேனியம்-233 ஆக மாற்றலாம். இந்திய அரசு மோனசைட் ஏற்றுமதியைத் தடை செய்தது. 1951இல் நாடு உணவுப் பஞ்சத்தில் தவித்து அமெரிக்காவிடம் 20 லட்சம் டன் தானியம் கேட்டபோது, அந்தத் தடையை நீக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் சிலர் வற்புறுத்தினர். பசித்த வயிற்றோடு பேரம் பேசுவது எளிதன்று. ஆயினும் நேரு அந்த நிபந்தனைக்கு இணங்கவில்லை. தானியம் இறுதியில் கடனாக வந்தது.

இதற்கிடையே 1950இல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டிருந்தது. 1952இல் கேரளத்தின் ஆலுவாவில் அதன் மோனசைட் ஆலை திறக்கப்பட்டது. 1956 மொழிவழிப் பிரிவினையில் மணவாளக்குறிச்சி தமிழ்நாட்டுடன் இணைந்தது.