படகுத் தாத்தாவை நினைவுகூர்வோம்



பொன்விழா மலர் என்றாலே கோவில் கட்டிய வரலாறு, பணிபுரிந்த குருக்களின் பட்டியல், நன்கொடை தந்தோர் பெயர்கள் எனப் பக்கங்கள் நிரம்புவது வழக்கம். அவை இம்மலரின் வேறு பக்கங்களில் உள்ளன. நாம் இங்கே எழுத விரும்புவது எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஒருவரைப் பற்றி. அவருடைய பெயர் நமக்குத் தெரியாது. இதை எழுதத் துணிந்ததற்குக் காரணமே அதுதான்.

சென்ற ஆண்டு தவக்காலத்தில் நம் பங்கின் மூத்தவர் ஒருவர் தமது 88ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். தெருவில் அனைவருக்கும் அவர் தாத்தா, நமக்கும் தாத்தாதான். ஒவ்வொரு நவம்பர் மாதத் தொடக்கத்திலும் சக்கிரீஸ்து அறைக்கு வந்து, "எங்க படகுத் தாத்தாவுக்கு ஒரு பூசை வையுங்க, சாமி" என்பார். நாம் இப்பங்கிற்கு வந்த முதல் ஆண்டில், "பெயர் என்ன, தாத்தா?" என்று பேனாவை எடுத்தோம். "எங்க நைனாவுக்கு நைனா. பேரு தெரியாது சாமி. படகுத் தாத்தான்னு எழுதுங்க, ஆண்டவருக்குத் தெரியும்" என்றார். அப்படியே எழுதினோம்.

அந்தப் படகு எது என்று இன்றைய இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே மடிந்து மடிந்து விழும் அலைகளைத் தாண்டி மனிதரையும் சரக்கையும் கொண்டுசேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணி இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் ஒன்றோடொன்று தைத்திருப்பார்கள். அலை மோதும்போது ஆணி அடித்த படகு பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுத்து மீளும். ஆளுநர் முதல் சிப்பாய் வரை இந்நகரில் கால்வைத்த பெரியவர்கள் பலரும் நம் முன்னோரின் துடுப்பை நம்பியே கரையேறினார்கள்.

அவ்வாறு உழைத்த படகு மக்களின் காணிக்கையால் 1829இல் எழுந்ததே இராயபுரம் புனித பேதுரு ஆலயம். பழைய கத்தோலிக்கத் தமிழில் பேதுருவை இராயப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும் அழைப்பர். இராயப்பர் பெயராலேயே இராயபுரம் எனும் பெயர் வந்தது என்பது நம்மிடையே வழங்கும் விளக்கம். வலைவீசிய ஒருவரைப் படகு மக்கள் தங்கள் பாதுகாவலராகக் கொண்டது பொருத்தமே அன்றோ! 1856 ஜூலை 1 அன்று தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் இதே இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது.

பின்னர் வந்தது துறைமுகம். 1870களின் நடுவில் கடலுக்குள் கல்சுவர்கள் எழுப்பும் வேலை தொடங்கியது. 1881 நவம்பர் புயல் அந்தச் சுவர்களைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். 1904 முதல் 1919 வரை துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அது புது வடிவம் பெற்றது. கப்பல்கள் நேரே கரையணையும் துறைகள் வந்தபின் படகுக்கு வேலை இல்லாமல் போயிற்று. நம் பெரியவரின் தாத்தா துடுப்பு வலித்த கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர்.

துறைமுகம் பிழைப்பை மட்டும் மாற்றவில்லை. இக்கரையோரம் கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே அள்ளிச் செல்கிறது. துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே மணல் வராமல் இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளைக் கடல் தின்றது. இன்று நாம் கடலோரம் காணும் கருங்கல் அரண்கள் அந்த அரிப்பைத் தடுக்கப் போட்டவை. "எங்க தாத்தா பொறந்த வீடு இருந்த எடத்துல இப்போ அலை அடிக்குது, சாமி" என்று பெரியவர் சொன்னபோது அதை மிகைப்படுத்தலாக நாம் எண்ணவில்லை.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைமீது குண்டு வீசி, துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தபோது வானம் சிவந்ததைத் தாத்தா பார்த்திருக்கிறார். பேரனை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கதையாகச் சொல்லுவாராம். எம்டன் என்ற சொல்லே நம் பேச்சில் வல்லாளனுக்குப் பெயராகிவிட்டது.

1942 ஏப்ரலில் ஜப்பானியர் வரப்போகிறார்கள் என்ற அச்சத்தால் சென்னையே காலியாயிற்று. பெரியவரின் குடும்பமும் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் புறப்பட்டது. அப்போது அவருக்கு ஆறு வயது. தாத்தா மட்டும் வர மறுத்துவிட்டார். "கடலைவிட்டு நான் எங்கே போவேன்?" என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டாராம். சில மாதங்கள் கழித்துக் குடும்பம் திரும்பியபோது தாத்தா இல்லை. அக்கம்பக்கத்தார் அடக்கம் செய்திருந்தார்கள். எந்தக் குழி என்று காட்டவும் ஆள் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் தந்தையும் இறந்துபோகவே, பெயரைக் கேட்டுக்கொள்ளவும் ஆள் இல்லாமல் போயிற்று.

கல்லறைத் திருநாளன்று காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் தத்தம் குழிகளுக்குச் சாமந்தி மாலையும் மெழுகுதிரியும் வைப்பார்கள். நம் பெரியவர் மட்டும் வாசலருகே பாதையோரத்தில் ஒரு திரியை ஏற்றிவைத்துவிட்டு நிற்பார். சிறுவயதில் தாம் கண்ட ஆத்துமாக்கள் திருநாளைப் பற்றியும் சொல்லுவார். கறுப்பு உடை அணிந்த குருவானவர், இலத்தீன் பாட்டு, கோவில் நடுவே திரிகள் சூழ வைத்த வெறும் தூம்பா. அதற்குள் தம் தாத்தா இருப்பதாகவே நினைத்துக்கொண்டாராம். சங்கத்துக்குப் பின் 1969இல் அடக்கச் சடங்கு புதுப்பிக்கப்பட்டது. இன்று நாம் தமிழில், உயிர்ப்பின் நம்பிக்கை மேலோங்கச் செபிக்கிறோம். முறை மாறினும் அன்பு மாறவில்லை.

இனி நம் குறையைச் சொல்ல வேண்டும். "உங்கள் கதையெல்லாம் பொன்விழா மலருக்கு எழுதிக்கொள்கிறோம், தாத்தா. தாய்ப் பங்கின் பழைய அடக்கப் பதிவேட்டையும் ஒருநாள் போய்ப் பார்ப்போம்" என்று வாக்களித்திருந்தோம். கிறிஸ்து பிறப்பு விழா முடியட்டும் என்றோம். பிறகு பொங்கல் முடியட்டும் என்றோம். சாம்பல் புதனுக்கு மறுவாரம் அவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கத்தான் போனோம். பேச்சு நின்றிருந்தது. நம் கையைப் பற்றியவர் விடவில்லை. எழுதாத அந்தக் குறிப்பேடு நம் மேசைமேல் வெறுமையாய்க் கிடந்தது.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு அவருடைய பேரன் வந்தார். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. "ஃபாதர், தாத்தா பேரோடு படகுத் தாத்தாவையும் சேர்த்து எழுதுங்க. இனிமே நவம்பர்ல நான் வந்து குடுக்கறேன்" என்றார். நமக்குத் தொண்டை அடைத்தது. மறுவாரமே அவரை அழைத்துக்கொண்டு தாய்ப் பங்கிற்குச் சென்றோம். 1942ஆம் ஆண்டுப் பக்கங்களைப் புரட்டினோம். அந்தோணி, சவரிமுத்து, இராயப்பன் என ஒரே பெயர்கள் மீண்டும் மீண்டும் வந்தன. இவற்றுள் நம் தாத்தா யார் என்று எப்படிக் கண்டுகொள்வது? பேரன் அந்தப் பக்கத்தில் கைவைத்து, "இதுல ஒருத்தர்தான் ஃபாதர்" என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார். அத்தனை பேருக்காகவும் அங்கேயே செபித்தோம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு முதல் ஜூலை மாத நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியர் மற்றும் முதியோர் உலக நாளாக அறிவித்தார். இயேசுவின் தாத்தா பாட்டியரான சுவக்கின், அன்னம்மாள் திருநாளை ஒட்டியது அந்த ஞாயிறு. அவர்கள் பெயர் நற்செய்தி நூல்களில் இல்லை; திருச்சபையின் மரபே அவற்றைக் காத்துத் தந்தது. யாரோ சொன்னார்கள், யாரோ மறவாமல் கேட்டுக்கொண்டார்கள்.

எனவே பங்கு மக்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்பொன்விழா நினைவாகக் கோவில் வாசலருகே முன்னோர் நினைவேடு ஒன்று வைத்திருக்கிறோம். உங்கள் தாத்தா பாட்டியின் பெயர், பிறந்த ஊர், செய்த தொழில், அடக்கம் செய்த இடம் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். இடநெருக்கடியால் கல்லறைத் தோட்டத்தில் பழைய குழிகள் மீண்டும் திறக்கப்படும் காலம் இது. சிலுவையும் கல்லும் நிலைப்பதில்லை. வீட்டில் முதியவர் உயிரோடு இருந்தால் இன்று மாலையே அருகில் அமர்ந்து கேளுங்கள். நம்மைப் போல் பொங்கல் முடியட்டும் என்று காத்திராதீர்கள்.

நினைவேட்டின் முதல் வரியைப் பேரனே எழுதிவிட்டார். தம் தாத்தாவின் பெயரை எழுதி, அதற்கு மேலே "படகுத் தாத்தா" என்று எழுதி, பக்கத்தில் சிறிது இடம் விட்டிருக்கிறார். அந்த இடத்தை நிரப்ப நம்மால் இயலாது. அலைகளின்மேல் நடந்த ஆண்டவர் தம் படகோட்டியைப் பெயர் சொல்லி அழைத்துக் கரைசேர்த்திருப்பார் என்று விசுவசிக்கிறோம்.