பாகான் செராயில் ஒரு வெள்ளைச் சாமியார்



நான் பிறந்த தோட்டத்தை விற்றபோது எனக்குப் பத்து வயது. பால்மரங்களைச் சாய்த்தார்கள். லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். "முப்பது வருஷம் மரம் வெட்டினேன், ஒரு சாண் நிலம் என் பேரில் இல்லையே" என்று அப்பா சொன்னது இன்னும் காதில் கேட்கிறது. அதனால்தான் பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதுங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டதும், எனக்கு ஃபீ சாமியாரின் நினைவு வந்தது. நான் வேதக்காரன் அல்ல. ஆனாலும் நம் சனங்களுக்கு உழைத்தவரை மறப்பது நன்றி ஆகாது.

ரெனே மிஷேல் ஃபீ பிரான்ஸ் நாட்டில் 1856-இல் பிறந்தவர். பாரிஸ் வெளிநாட்டு மறைபணிச் சபையைச் சேர்ந்த குரு. இருபது வயதுகளிலேயே கடல் கடந்து மலாயாவுக்கு வந்தார்.

அந்தக் காலத்துப் பேராக்கை மாணவர்கள் மனக்கண்ணில் பார்க்க வேண்டும். தைப்பிங் அப்போது ஈயச் சுரங்கப் பட்டணம். இங்கிருந்து போர்ட் வெல்ட் வரை நாட்டின் முதல் ரயில் 1885-இல் ஓடியது. அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ரப்பர் இன்னும் தலையெடுக்கவில்லை. வடக்கே கிரியான் வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்கள்தான். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கிய தமிழர் பலர் அங்கே ஒப்பந்தக் கூலிகளானார்கள். கப்பல் செலவு அவர்கள் தலையில் கடனாக ஏறும். அது கூலியில் கழியும். ஒப்பந்தம் முடியும் முன் வேலையை விட்டு ஓடினால் சட்டப்படி தண்டனை. இந்த முறை மலாயாவில் 1910-இல்தான் ஒழிந்தது.

இப்படிப்பட்ட காலத்தில், 1880-களில், ஃபீ சாமியார் கிரியான் வட்டாரத்துப் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக ஒரு குடியேற்றத்தை உண்டாக்கினார். கோயிலைக் கட்டிப் பூசை வைத்ததோடு அவர் நிற்கவில்லை. சனங்கள் அங்கேயே நிலைத்து, பயிர்செய்து பிழைக்க வழி தேடினார். சதுப்பும் காடுமாய்க் கிடந்த மண்ணைத் திருத்துவது லேசான காரியமா? கொசுவும் காய்ச்சலும் வாட்டிய கடலோரம் அது. சாமியார் வழிகாட்டினார், வியர்வை சிந்தியது நம்மவர்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு.

உள்ளதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் தம் சபை மக்களுக்காகத்தான் இதைச் செய்தார். எல்லாத் தமிழருக்கும் அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அரசாங்கத்துக்கும் காட்டைத் திருத்தும் குடிகள் தேவைப்பட்டார்கள். இருந்தாலும், தமிழனைக் கூலியாக மட்டும் எண்ணிய நாளில், அவனுக்கு வீடும் வயலும் ஊரும் வேண்டும் என்று அவர் எண்ணினாரே, அது பெரிது.

1896-இல் அவர் மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயரானார். மலாயாவும் சிங்கப்பூரும் அவர் பொறுப்பில் வந்தன. 1904-இல் காலமானார். அப்புறம் கிரியானில் கரும்பு மறைந்தது. பெரிய நீர்ப்பாசனத் திட்டம் 1906-இல் முடிந்து, நெல் வயல்கள் பரந்தன. ஆனால் பாகான் செராயில் சூசையப்பர் கோயில் இன்றும் இருக்கிறது.

பெற்றோர்களே, தோட்டம் இன்னொருவன் சொத்து. இன்று ரப்பர், நாளை செம்பனை, மறுநாள் வீடமைப்பு என்று அது மாறிக்கொண்டே போகும். நம் பெயரில் ஒரு சிறு வீடாவது வாங்க இப்போதே காசு சேர்ப்போம். கள்ளுக்கும் கடனுக்கும் போகிற வெள்ளியில் பாதியை மிச்சம் பிடித்தாலும் போதும். பிள்ளைகளின் படிப்பை நடுவில் நிறுத்தாதிருப்போம்.

மாணவச் செல்வங்களே, பள்ளி விடுமுறையில் அப்பாவிடம் சொல்லி, பாகான் செராய்க்கு ஒரு தடவை போய் வாருங்கள். தைப்பிங்கிலிருந்து தூரமில்லை. அந்தக் கோயில் வாசலில் நின்று, நம் முன்னோர் திருத்திய மண்ணைப் பாருங்கள். கூலிக்கு வந்தவர்கள் குடியானவர்களாய் நின்ற இடம் அது.