சாம்பல் காத்த மணி

பழனிக்கு முருகனைக் காணச் செல்வோர் இலட்சக்கணக்கானோர். அங்கிருந்து தென்மேற்கே 12 கிலோமீட்டர் சென்று, மலையடிவாரத்துப் பொருந்தலைக் காண்போர் எத்துணைப் பேர்?

திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர் அது. புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராஜன் தலைமையில் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் அங்கே அகழ்ந்தனர். ஈமக்குழி ஒன்றில் நெல் கிடைத்தது. கரிமச் சோதனை அதன் காலத்தைக் கி.மு. 490 அளவில் காட்டிற்று. ஏடுகள் நெல்லைப் பற்றிப் பேசின. வாழ்விடப் பகுதியில் 2,000-க்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகள் கிடைத்தன. அவற்றைப் பற்றிப் பேச்சு குறைவு!

பொருந்தில் இளங்கீரனார் எனும் சங்கப் புலவர் அவ்வூரினர் என்பர். பாட்டுப் புனைந்தவர் பெயர் ஓலையில் ஏறிற்று. மணி புனைந்தவன் பெயர் ஏறவில்லை. ஏன்? உலையருகே நின்றவன் கையில் ஓலை இல்லை. ஓலை வைத்திருந்தவன் உலையருகே வரவில்லை. வெனிஸ் நகரத்தார் 1291-இல் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றித் தொழில் மறையைக் கடலால் காத்தனர். இங்கோ, பிறப்பெனும் வேலி போதுமானதாயிருந்தது.

அந்தப் பெயரிலான் அறிந்திருந்தது என்ன? கண்ணாடியை உருக்குவதைவிட, அதை ஆறவைப்பதே அருங்கலை. மேற்புறம் விரைந்து இறுகும். உட்புறம் பின்னர் சுருங்கும். இரண்டிற்கும் இடையே இறுக்கம் தங்கிவிடும். மாலையில் மின்னிய மணி மறுநாள் தானே வெடிக்கும். கண்ணேறு என்று கற்பூரம் சுற்றுவதா? சாதாரணச் சோடாக் கண்ணாடியை ஏறத்தாழ 550 டிகிரி செல்சியசில் நிறுத்தி, மெல்ல மெல்ல ஆற்றினால் இறுக்கம் நீங்கும். காய்ச்சி ஆற்றுதல் என்பது இதுதான்.

அரிக்கமேட்டு மணிகளைப் போன்றவை செய்யும் முறை, திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் உயிரோடிருந்தது. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் அதைக் கண்டெழுதினார். கண்ணாடியை நீண்ட குழலாக இழுக்கின்றனர், துண்டுகளாக நறுக்குகின்றனர், சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றிக் கிளறுகின்றனர். கூர்முனை மழுங்கும், துளை அடைபடாது, மணியோடு மணி ஒட்டாது, வெப்பமும் சட்டென வெளியேறாது. ஒரே சாம்பல், எத்தனை வேலை! கடுகளவு மணி எளிதில் ஆறிவிடும் என்பதும் அவர்களுக்குத் துணை.

இன்று தீச்சுடர் முன் அமர்ந்து, கம்பியில் ஒவ்வொன்றாகப் பெருமணி சுற்றும் இளைஞர்க்கு அந்தத் துணை இல்லை. சூடான சாம்பல் ஆறுதலைத் தாமதப்படுத்துமே தவிர, வெப்பநிலையை நிறுத்திவைக்காது. சூளை வேண்டும். விலையுயர்ந்த அயல்நாட்டுப் பெட்டிதான் வேண்டுமா? நெருப்புச் செங்கல், நிக்ரோம் கம்பிச் சுருள், வெப்பமானி, கட்டுப்படுத்தும் கருவி, சுற்றிலும் இரும்புத் தகட்டுக் கூடு. இவ்வளவுதான் அதன் உடல். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் தகடு வளைக்கக் கை இல்லையா? மின்னிணைப்பை மட்டும் அத்தொழில் கற்றவரிடம் விடுக.

அதற்கும் பணமில்லையேல், பத்துப் பேர் சேர்ந்து ஒரு சூளை வைக்கலாம். அவரவர் வீட்டில் செய்த மணிகளைச் சூடேற்றிய உமிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடுக. உமி இச்சமவெளியில் எளிதில் கிடைக்கும் பொருள். அதன் சாம்பலில் மணற்சத்து மிகுதி, ஆதலின் மூக்கை மூடிக்கொள்க. சில வெடிக்கும், பிழைத்தவற்றைச் சேர்த்துவைத்து, ஒருநாள் பொதுச் சூளையில் ஒருங்கே காய்ச்சி ஆற்றுக. சூளை கைபொறுக்கும் சூட்டுக்கு இறங்குமுன் கதவைத் திறக்கலாகாது.

வெந்தது பதமா என்று அறிய வழியுண்டு. ஒளியை முனைவாக்கும் தகடுகள் இரண்டைக் குறுக்காகப் பிடித்து, இடையே தெளிந்த மணியை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இறுக்கம் எஞ்சியிருப்பின், இருண்ட புலத்தில் ஒளிக்கீற்றோ வண்ணப் பட்டையோ தோன்றும். தோன்றினால் மீண்டும் சூளைக்கு!