வன்னியில் வேதம் காத்தோர்

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் அளிப்போர்க்கு மரணதண்டனை விதித்தனர். அடக்கியவரும் கிறித்தவரே என்பது சிந்திக்கத்தக்கது. 1687இல் யோசேப் வாஸ் அடிகள் இரவலர் வேடத்தில் வந்திறங்கும்வரை, ஏறத்தாழ முப்பதாண்டு, பூசையின்றி இல்லத்தார் தாமே செபத்தைப் பேணினர். மாந்தையிலிருந்து மாதாவின் திருவுருவத்தைச் சுமந்து வன்னிக் காட்டினுள்ளே மடுவை அடைந்தோர் வரலாறும் அக்காலத்ததே.

2009இல் முள்ளிவாய்க்காலில் நிலை வேறு. கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிடலில், எறிகணைகளுக்கு நடுவே, பதுங்குகுழிகளிற் கிடந்த மக்களைக் குருமார் சிலர் விட்டகலவில்லை. அவர்களுள் ஒருவர், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசேப் அடிகள். மே 18 அன்று வட்டுவாகலிற் சரணடைந்தோருடன் அவரும் பேருந்தில் ஏற்றப்பட்டதைக் கண்டோர் சாட்சியம் கூறியுள்ளனர். அதன்பின் அவரைக் கண்டார் இலர்.