வகுக்காமலே அறிந்த எண்

ஓர் எண் முதன்மை எண்ணா, அன்றா என்று அறியப் பள்ளிச் சிறுவர்க்கும் ஒரு வழி தெரியும். இரண்டால், மூன்றால், ஐந்தால் என வகுத்துக்கொண்டே செல்வதுதான் அது. 127 என்னும் எண்ணுக்கு 11 வரை வகுத்துப் பார்த்தாற் போதும். ஆனால் 127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்துப் பாருங்கள். 39 இலக்கங்கள் கொண்ட பேரெண் கிடைக்கும். அதை முழுவதும் வாசித்து நேயர்களின் பொறுமையைச் சோதிக்க நான் துணியேன். நொடிக்கு நூறு கோடி எண்களாக வகுத்துச் சோதிப்பினும் நானூறு ஆண்டுகள் செல்லும்.

பாரிஸ் நகரத் துறவி மெர்சென், 1644ஆம் ஆண்டில், இவ்வாறு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்துப் பெறும் முதன்மை எண்களின் பட்டியலொன்றை வெளியிட்டார். 67 இரண்டுகளும் 127 இரண்டுகளும் அதில் இடம்பெற்றன. காரணம் எதனையும் அவர் கூறவில்லை.

1876இல் பிரான்சிய ஆசிரியர் எதுவார் லூக்கா புதியதொரு வழி கண்டார். சிறிய எண்ணில் அதனைப் பார்ப்போம். கையில் தாள் உள்ளவர்கள் எழுதிக்கொள்ளலாம். ஏழு இரண்டுகளின் பெருக்கத்தில் ஒன்றைக் கழிக்க 127 வரும். மூன்றில் தொடங்குக. அதன் வர்க்கத்தில் இரண்டைக் கழிக்க 7. ஏழின் வர்க்கத்தில் இரண்டைக் கழிக்க 47. அவ்வாறே 47இலிருந்து 2207 வரும். அதை 127ஆல் வகுக்க மீதி 48. அதிலிருந்து மீதி 16. அதிலிருந்து 254, அது 127இன் இருமடங்கு, ஆகவே மீதி பூச்சியம். ஏழுக்கு ஒன்று குறைவான ஆறாம் படியிற் பூச்சியம் தோன்றியமையால் 127 முதன்மை எண். பேரெண்ணுக்கோ 126ஆம் படிவரை செல்லவேண்டும். பக்கத்துக்கு 127 கட்டங்கள் கொண்ட சதுரங்கப் பலகையிற் காய்களை நகர்த்துவது போன்ற முறையை லூக்கா இதற்கென வகுத்தார். இறுதியிற் பூச்சியமே வந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இடையில் ஒரு காய் தவறியிருந்தால் இறுதியிற் பூச்சியம் வருவது ஏறக்குறைய நடவாத காரியம். ஆகவே பூச்சியம் தனக்குத் தானே சாட்சி. ஆனால் மீதி எஞ்சினால்? எண் முதன்மையற்றதா, கணித்தவர் கை தவறியதா என்ற ஐயம் நிற்கும். 67 இரண்டுகளின் எண் முதன்மையன்று என்றும் லூக்கா அதே ஆண்டிற் கூறினார். அதன் காரணி எதனையும் காட்ட அவரால் இயலவில்லை.

அவ்வையம் 1903இல் நியூயோர்க்கில் தீர்ந்தது. அமெரிக்கக் கணிதர் பிராங் நெல்சன் கோல், கணித சங்கக் கூட்டத்தில் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையில் 193707721ஐ 761838257287ஆற் பெருக்கிக் காட்டி அமர்ந்தார் என்பர். மெர்சென் பிழைத்தார், லூக்கா சரியாகவே கணித்திருந்தார். ஆயினும் அவர் 1891இலேயே காலமாகிவிட்டார்.

அவருடைய 39 இலக்க எண், 1951 வரை, அறியப்பட்ட முதன்மை எண்களுட் பெரியதாய் விளங்கியது. 1952இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மின்கணிப்பொறி அதனினும் மிகப் பெரியவற்றைக் கண்டது. அப்பொறிக்கு ஊட்டப்பட்டதும், லேமர் என்பார் செம்மைப்படுத்திய லூக்காவின் முறையே.