விடுதியிலிருந்து வீதிக்கு: எம்மூர்ப் பெண்களும் துவிச்சக்கரவண்டியும்

எமது சங்கம் நூறாவது ஆண்டைக் காணும் இவ்வேளையில், இம்மலருக்கு எதனைப் பற்றி எழுதலாம் என நாம் சிலர் கூடிப் பேசினோம். கட்டடங்கள், அதிபர்கள், பரீட்சைப் பெறுபேறுகள் எனப் பல தலைப்புகள் வந்தன. அவற்றை எழுதுவதற்குத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அப்போது எம்மில் மூத்த அக்கா ஒருவர் கேட்டார்: "அதெல்லாம் சரி பிள்ளையள், நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு எதிலை வந்தனாங்கள்?"

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது சயிக்கிள் கொட்டில்தான். வரிசையாகச் சாய்த்து விட்ட சயிக்கிள்கள், ஒன்று விழுந்தால் முழு வரிசையும் விழும் சத்தம், கரியரில் கட்டிய புத்தகப் பை, பின்னேரம் மணியடித்ததும் கேற்றடியில் ஏற்படும் நெருக்கடி. கல்லூரி வரலாற்றில் இடம்பெறாத அந்த வாகனத்தின் கதையை எழுதுவோம் என்று தீர்மானித்தோம்.

விடுதிக் காலம்

பெண் கல்வியின் முதற் பிரச்சினை பாடத்திட்டமோ ஆசிரியரோ அல்ல, தூரம்தான். 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் 1824 இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை ஒன்றை ஆரம்பித்தனர். 1868 இல் எமது உடுப்பிட்டியிலும் அத்தகைய விடுதிப் பாடசாலை தோன்றியது. ஏன் விடுதி? பிள்ளைகளைத் தமது ஒழுங்கில், தமது சமயச் சூழலில் வளர்ப்பது மிஷனரிமாரின் நோக்கமாக இருந்தது என்பது உண்மை. ஆனால் அதைவிட எளிமையான காரணமும் இருந்தது. பெரியபிள்ளையான பெண் தினமும் வீதியால் தனியே நடந்து போய்வருவதை ஊர் ஏற்றுக்கொள்ளாத காலம் அது. படிக்க அனுப்புவதென்றால் அங்கேயே விட்டுவிடுவதுதான் வழி. வீட்டையும் பாடசாலையையும் இணைக்க முடியாதபோது, ஒன்றை விட்டு மற்றதில் இருக்க வேண்டியதாயிற்று.

இங்கு விடுதி தொடங்கிய காலத்தில் மேற்கு நாடுகளிலும் பெண்ணுக்கு ஏற்ற சயிக்கிள் இருக்கவில்லை. அதன்பின் வந்த, முன்சில்லு ஆளுயரத்துக்கு இருந்த வண்டிகளில் இளைஞர்கள் விழுந்தெழும்பிக் கொண்டிருந்தார்கள். 1885 இல் இங்கிலாந்தின் ஜோன் கெம்ப் ஸ்டார்லி இரண்டு சில்லும் ஏறத்தாழ ஒரே அளவான, பின்சில்லைச் சங்கிலி சுற்றும் வண்டியைச் செய்தார். 1888 இல் டன்லப் காற்றடைத்த ரயரைக் கொண்டுவந்தார். அதன் பின்புதான் சயிக்கிள் எல்லோருக்குமானது. பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய அமெரிக்கரான சூசன் பி. அந்தோனி, பெண்ணின் விடுதலைக்கு உலகில் வேறெதையும்விட அதிகம் உதவியது சயிக்கிளே என்று 1896 இல் சொன்னார்.

அண்ணாவின் சயிக்கிள்

எம்மூருக்குச் சயிக்கிள் முதலில் ஆண்களின் வாகனமாகவே வந்தது. கிளார்க்கர், வாத்தியார், தபாற்காரர் என்று உத்தியோகத்தவர்கள் ஓடினார்கள். ரலியும் ஹம்பரும் வீட்டின் சொத்துக்களில் ஒன்றாகக் கணிக்கப்பட்டன. வருடந்தோறும் சபைக்கு வரி கட்டி இலக்கத் தகடு எடுக்க வேண்டும். இரவில் லைற் இல்லாமல் போனாலும், ஒருவரை ஏற்றி 'டபிள்' போனாலும் பொலிஸ் மறிக்கும்.

பெண்களுக்குள் முதலில் துணிந்து ஓடியவர்களில் குடும்பநல மருத்துவ மாதரை நாம் மறக்கக் கூடாது. நடுச்சாமத்தில் பிரசவ நோவு கண்ட வீட்டுக்குச் சயிக்கிளில் வரும் 'மிட்வைஃப்' அம்மாவை யார் விமர்சிக்க முடியும்? அவருக்குப் பின்னால் ஆசிரியைகள் வந்தார்கள். அவசியம் முதலில் வழியைத் திறந்தது, வழக்கம் பின்னால் வந்தது.

1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1960 இன் முடிவில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. பாடசாலைக் கட்டணம் இல்லாமற் போனதும், விடுதிக்குப் பணம் கட்ட இயலாத வீடுகளின் பெண்பிள்ளைகளும் மேல்வகுப்புக்கு வரத் தொடங்கினார்கள். காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் மாணவி வடமராட்சியின் வழமையான மாணவியானாள். அவளைக் கொண்டுவந்து சேர்த்தவை கால்நடையும் பஸ்ஸும் தட்டிவானும், பின்னர் படிப்படியாகச் சயிக்கிளும்.

நாம் சயிக்கிள் பழகிய கதை ஏறத்தாழ ஒன்றே. அண்ணாவோ அப்பாவோ மத்தியானம் கண்ணயரும் நேரம், சத்தமில்லாமல் ஒழுங்கைக்குள் உருட்டிக்கொண்டு போவது. சீற்றில் ஏறக் கால் எட்டாததால் பாருக்குக் கீழால் ஒரு காலை நுழைத்துப் பெடல் போடுவது. பாவாடை செயினுக்குள் அகப்படுவது. பனையோலை வேலிக்குள் போய் விழுவது. முழங்காலில் காயத்தோடு வீட்டுக்கு வந்து, "கல் தடக்கி விழுந்தனான்" என்று சொல்வது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஆனால் கேட்கமாட்டா. பார் தாழ்ந்த, பின்சில்லுக்கு வலை கட்டிய 'லேடீஸ்' சயிக்கிள் வீட்டுக்கு வந்த நாளை எம்மில் பலர் பிறந்தநாளைவிட நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம்.

வல்லை வெளியைப் பற்றிச் சொல்லாமல் இக்கதையை எழுத முடியாது. யாழ்ப்பாணப் பக்கம் போவதென்றால் அந்த வெளியைக் கடக்க வேண்டும். நிழலுக்கு ஒரு மரமும் இல்லாத உப்புத்தரவை, எதிர்க்காற்று. பெடலை எவ்வளவு மிதித்தாலும் சயிக்கிள் நின்ற இடத்தில் நிற்பது போலிருக்கும். முனியப்பர் கோவிலடியில் இறங்கி ஒரு கணம் கும்பிட்டுவிட்டு, இருவர் இருவராக ஒருவருக்கொருவர் காற்று மறைத்து ஓடிய பழக்கம் எமக்கு இன்றும் உண்டு. சித்திரை வருடப்பிறப்புக்கும் பொங்கலுக்கும் சனசமூக நிலையங்கள் நடத்திய விளையாட்டு விழாக்களில் ஆண்களுக்கு நீண்டதூரச் சயிக்கிளோட்டம், எங்களுக்கு 'மெதுவான சயிக்கிளோட்டம்'. காலூன்றாமல் கடைசியாக வருபவர்தான் முதற் பரிசு பெறுவார். அன்று அதை எண்ணிச் சிரித்தோம். வல்லைக் காற்றில் பழகியவர்களுக்கு மெதுவாக ஓடுவது பெரிய வேலையாக இருக்கவில்லை.

நெருக்கடிக் காலம்

1987 மே மாத இராணுவ நடவடிக்கை வடமராட்சியை உலுக்கியது. 1990 யூனில் மீண்டும் போர் தொடங்கியபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை, பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்கள். மண்ணெண்ணெயில் ஓடிய சில வாகனங்களைத் தவிர, குடாநாடு முழுவதும் சயிக்கிளில்தான் ஓடியது. வைத்தியசாலைக்கு நோயாளி, சந்தைக்கு மரக்கறி மூட்டை, கல்யாணத்துக்கு மணப்பெண்ணின் தோழிகள், எல்லாம் சயிக்கிளில். கிளாலிக் கடலைக் கடந்தவர்கள் வள்ளத்தில் சயிக்கிளையும் ஏற்றினார்கள். பற்றரி இல்லாத வானொலிக்குச் சயிக்கிள் டைனமோ உயிர் கொடுத்தது. வீட்டில் ஒருவர் பெடலைச் சுற்ற, அயலவர் எல்லோரும் செய்தி கேட்டார்கள். ஜாம்போத்தல் விளக்கில் படித்து, விடியற்காலையில் ரியூசனுக்குச் சயிக்கிளில் போய், அந்த ஆண்டுகளிலும் எம் மாணவிகள் பல்கலைக்கழகம் புகுந்தார்கள்.

ஒரு சமூக மாற்றமும் அப்போது சத்தமில்லாமல் நடந்தது. பெண்பிள்ளை தனியே சயிக்கிளில் போவதைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமிருக்கவில்லை. ஆண்கள் பலர் இல்லாத வீடுகளில் கூப்பன் பொருட்களும் மருந்தும் அவளுடைய கரியரில்தான் வந்தன. நூறு ஆண்டுகளாக வாதிட்டும் கிடைக்காத அனுமதியை நெருக்கடி ஒரே நாளில் கொடுத்தது. அதற்கு நாம் கொடுத்த விலை பெரிது என்பதால் அதை வெற்றி என்று சொல்ல மனம் வரவில்லை.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் எழுந்து புறப்பட்டபோது, மழையில் நாவற்குழி வழியாக வந்த சனக்கூட்டத்தில் சயிக்கிள்கள் ஓடவில்லை, தள்ளப்பட்டன. ஹாண்டிலில் வாளி, கரியரில் அம்மம்மா, பாரில் குழந்தை. வடமராட்சிக்கும் வந்தவர்களுக்கு எமது பாடசாலைகள் புகலிடமாயின. எம் வகுப்பறைகளில் புதிய முகங்கள் வந்து அமர்ந்தன.

வராமற் போனவர்கள்

இவ்வளவும் வந்தவர்களின் கதை. எங்கள் வகுப்பிலிருந்து வராமற் போனவர்களும் உண்டு. சாதாரண தரத்தில் எம்மைவிட நன்றாகச் செய்து, உயர்தரத்தில் விரும்பிய பிரிவு தூரத்துப் பாடசாலையில் இருந்ததால் நின்றுவிட்டவர்கள். வீட்டில் இருந்த ஒரு சயிக்கிளைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தவர்கள். அவர்கள் எவரும் பரீட்சையில் தோற்கவில்லை, தூரத்திடம் தோற்றார்கள். பழைய மாணவிகள் சங்கத்தின் இடாப்பில் அவர்களின் பெயர்கள் இல்லை. இம்மலரில் அவர்களுக்கென்று ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்றே இக்கட்டுரையை எழுதினோம்.

இது தீர்க்க முடியாத பிரச்சினை அல்ல என்பதற்கு எம்மைச் சுற்றியே சான்றுகள் உண்டு. தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சயிக்கிளையும் கற்பித்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். விவசாயக் கூலிகள், கல்லுடைக்கும் பெண்கள், தாதிமார் எனப் பல்லாயிரவர் கொடி கட்டிய சயிக்கிள்களில் மணியடித்துக்கொண்டு வீதிக்கு வந்தார்கள். 'லேடீஸ்' வண்டிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பலர் ஆண்களின் வண்டியையே விரும்பினார்கள், பாரில் பிள்ளையை இருத்தலாமே என்று.

இந்தியாவின் பீகார் மாநிலம் 2006 இல் ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பெண்பிள்ளைகளுக்குச் சயிக்கிள் வாங்க 2,000 ரூபா வழங்கத் தொடங்கியது. பொருளியலாளர்களான கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தபோது, மேல்நிலைக்குச் சேர்ந்த பெண்பிள்ளைகள் சுமார் 30 சதவீதம் அதிகரித்ததையும், பாடசாலை மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே பலன் கூடுதலாக இருந்ததையும் கண்டார்கள். எமது நாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் அமெரிக்கத் தம்பதியர் தொடங்கிய 'வேர்ல்ட் பைசிக்கிள் றிலீஃப்' அமைப்பு, முதன்முதலில் இலங்கையில்தான் 24,000க்கும் மேற்பட்ட சயிக்கிள்களை வழங்கியது. பின்னர் ஆபிரிக்காவின் சாம்பியாவில் அவ்வமைப்பின் சயிக்கிள் பெற்ற மாணவிகளை ஆய்வு செய்தபோது, பாடசாலைக்கு வராத நாட்கள் கால்பங்குக்கு மேல் குறைந்திருந்தன.

கொடுக்கும் முறை

போர் முடிந்த பின் வெளிநாடுகளிலும் உள்ளூரிலும் இருக்கும் எம்மவர் பலர் மாணவிகளுக்குச் சயிக்கிள் வழங்கி வருகிறார்கள். நல்ல பணி. ஆயினும் எமக்குள் உண்மை பேச வேண்டும். மேடையில் வரிசையாக நிறுத்திப் படமெடுத்துக் கொடுக்கும்போது, பிள்ளையின் வறுமையும் சேர்ந்து படத்தில் விழுகிறது. கூடுதல் புள்ளி எடுத்தவருக்குக் கொடுத்தால், தூரத்தால் வரவு குறைந்து புள்ளி இழந்தவருக்கு அது கிடைக்காது. ஒட்டுப் போடக் காசில்லாமல் ஆறாம் மாதத்தில் சுவரோடு சாய்ந்து கிடக்கும் சயிக்கிளால் யாருக்கும் பயனில்லை.

ஆகவே நூற்றாண்டு ஆண்டில் எமது வேண்டுகோள் இது. புள்ளியைப் பார்க்காமல் தூரத்தைப் பார்த்துக் கொடுப்போம். வகுப்பாசிரியரிடம் கேட்டு, ஆரவாரமின்றி வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்போம். பம்மும் பூட்டும் ஒட்டுப்போடும் சாமான்களும் சேர்த்துக் கொடுப்போம். ரியூப் கழற்றி ஒட்டுவதை ஒரு பின்னேரத்தில் பிள்ளைக்கே பழக்குவோம். உயர்தரம் முடித்துப் போகும்போது, இன்னும் நல்ல நிலையில் உள்ள சயிக்கிளை அடுத்த தங்கைக்குக் கையளிக்கும் வழக்கத்தை உண்டாக்குவோம்.

2022 இல் எரிபொருள் இல்லாமல் நாடு முழுவதும் வரிசையில் நின்றபோது, கொழும்பிலும் சயிக்கிள் தேடினார்கள். விலை கிடுகிடுவென ஏறியது. ஸ்கூட்டி ஓடிய எம் பெண்பிள்ளைகளும் கொட்டிலுக்குள் தூசி படிந்து கிடந்த அம்மாவின் சயிக்கிளைத் துடைத்து எடுத்தார்கள். "இதிலையோ அம்மா வல்லை வெளி கடந்தனீங்கள்?" என்று அவர்கள் கேட்டபோது, எமக்குச் சொல்ல நிறைய இருந்தது.

எமக்கு முந்தியவர்கள் படிப்பதற்காக வீட்டைப் பிரிந்து விடுதியில் இருந்தார்கள். நாம் படித்துவிட்டு மாலையில் வீடு திரும்பினோம். எமக்குப் பின் வருபவள் தூரத்தைக் காரணம் காட்டி வீட்டிலேயே நின்றுவிடக் கூடாது. அதற்கு இரண்டு சில்லு போதுமென்றால், அதைக் கொடுக்க எம்மால் முடியும்.